தோல் ஒட்டும் 'சின்ன ஆபரேஷன்': தொடை ஏன் எரிகிறது, ஐந்தாம் நாள் ஏன் முக்கியம்?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. ஏழு வாரங்களுக்கு முன் படியில் தடுக்கி விழுந்ததில் வலது முன்காலில் தோல் பட்டையாகக் கிழிந்தது. கிழிந்த தோல் கறுத்து உதிர்ந்துவிட்டது. இப்போது 6 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் அகலத்தில் சிவப்பாகப் புண் நிற்கிறது. வாரம் இரண்டு முறை கட்டு மாற்றுகிறோம், சுருங்குகிற மாதிரியே தெரியவில்லை. பிளாஸ்டிக் சர்ஜன் பார்த்துவிட்டு, "தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டிவிடலாம், சின்ன ஆபரேஷன்தான்" என்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். ஒரு புண்ணை ஆற்ற இன்னொரு இடத்தில் புண் உண்டாக்க வேண்டுமா? அவருக்குப் பதில் என் தோலை எடுத்துக்கொள்ள முடியாதா? முழு மயக்கம் கொடுப்பார்களா? எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்? அம்மா தன் பங்குக்கு ஒன்று கேட்கச் சொன்னார்: ஆறிய பிறகு கால் பார்க்க அசிங்கமாக இருக்குமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தச் 'சின்ன' என்ற சொல்லைப் பற்றி. நாங்கள் ஓர் ஆபரேஷனைச் சின்னது என்று சொல்வது தியேட்டரில் ஆகும் நேரத்தை வைத்து. உங்கள் அம்மாவின் புண்ணுக்குத் தோல் எடுத்து, ஒட்டி, கட்டுப்போட ஒரு மணி நேரம் தாராளம். சிலர் அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அதற்கு அப்புறம் வரும் ஐந்து நாள்களையும், தொடை எரியப்போகும் நாள்களையும், காலைப் பேண வேண்டிய மாதங்களையும் அந்தச் சொல்லில் நாங்கள் சேர்ப்பதில்லை. ஒட்டிய தோல் பிடிக்குமா பிடிக்காதா என்பது பெரும்பாலும் அந்த ஐந்து நாளில்தான் முடிவாகிறது. அதனால் நீங்கள் கேட்டவற்றோடு, கேட்காத சிலவற்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். தோலை அழுத்தியதும் எலும்பு தட்டுப்படும். நடுவில் சதை கிடையாது, கொழுப்பும் பெயருக்குத்தான். ஒரு புண் தானாக ஆற வேண்டுமென்றால் சுற்றியுள்ள தோல் உள்நோக்கிச் சுருங்கி வர வேண்டும், அல்லது விளிம்பிலிருந்து புதுத்தோல் ஊர்ந்து வந்து மூட வேண்டும். வயிற்றில் தோல் தளர்வாக இருப்பதால் சுருங்கி வந்துவிடும். முன்காலில் அந்தத் தளர்வு இல்லை, இழுத்தால் வராது. தைத்து மூட முடியாததும் அதனால்தான். மிச்சமிருப்பது ஊர்ந்து வரும் வழி. அறுபதைத் தாண்டிய, சர்க்கரை உள்ள ஒருவரின் காலில் அது ஆமை வேகம். கட்டைவிரல் நகம் அளவுப் புண்ணாக இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம் என்று நானே சொல்லியிருப்பேன். 6-க்கு 4 சென்டிமீட்டர் என்றால் மாதக்கணக்கில் கட்டு மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் ஒருமுறை சீழ் பிடித்தால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே உங்கள் சர்ஜன் சொல்வது எனக்கும் சரியாகவே படுகிறது. ஆனாலும் "ஒட்டாமல் விட்டால் எவ்வளவு நாளில் ஆறும்?" என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். புண்ணை நான் பார்க்கவில்லை, அவர் பார்த்திருக்கிறார்.

சரி, ஒரு புண்ணை ஆற்ற இன்னொரு புண்ணா? இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. பதில் தோலின் தடிமனில் இருக்கிறது. தொடையிலிருந்து நாங்கள் சீவி எடுப்பது பெரும்பாலும் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரைதான். எழுதும் தாள் மூன்றை அடுக்கிப் பிடித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. தொடைத் தோலின் முழுத் தடிமன் அதைப்போலப் பல மடங்கு. மேல்பகுதியைச் சீவிய பிறகும் அடியில் மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் அப்படியே நிற்கும். அந்தக் குழிகளின் உள்சுவரில் தோல் செல்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொரு குழியிலிருந்தும் மேலே வந்து, நாலாபக்கமும் பரவி, பக்கத்துக் குழியிலிருந்து வருவதோடு கைகோத்துக்கொள்ளும். இரண்டு வாரத்தில் தொடை தானாக மூடிவிடும். வயதானவர்களுக்கு மூன்று வாரம்கூட ஆகலாம். அம்மாவின் முன்காலில் அடி ஆழமாகப் பட்டதால் இந்தக் குழிகளே மிச்சமில்லை. அதனால்தான் அது ஆறாமல் நிற்கிறது, தொடை ஆறிவிடும்.

முகத்திலோ விரல் நுனியிலோ ஒட்டு வைக்கச் சொல்லியிருப்பவர்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம். அங்கே பெரும்பாலும் முழுத் தடிமன் தோலைத்தான் வைப்பார்கள். காதின் பின்பக்கம், கழுத்தெலும்புக்கு மேலே, இடுப்புக்குக் கீழ் மடிப்பு என்று தோல் தளர்வாக உள்ள இடத்திலிருந்து எடுத்து, எடுத்த இடத்தைத் தைத்து மூடிவிடுவார்கள். மூக்கில் ஒரு சிறு கட்டியை அகற்றிய இடத்துக்குக் காதின் பின்புறத் தோல் நிறத்தில் நன்றாகப் பொருந்தும், பிற்பாடு அதிகம் சுருங்கவும் செய்யாது. தொடை எரிச்சல் தொல்லை அவர்களுக்கு இல்லை. ஆனால் தடிமன் கூடுவதால் பிடிப்பதற்கு நல்ல ரத்த ஓட்டம் உள்ள இடம் வேண்டும். உங்கள் அம்மாவின் காலுக்கு மெல்லிய தோல்தான் பொருத்தம்.

உங்கள் தோலை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனசு புரிகிறது. முடியாது. ரத்தப் பிரிவு பொருந்தினாலும், பெற்ற மகளாக இருந்தாலும், உங்கள் தோலை அம்மாவின் உடம்பு இரண்டு மூன்று வாரத்துக்குள் வேற்றாளாக அடையாளம் கண்டு தள்ளிவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிளாஸ்கோவில் தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலைச் சிறு துண்டுகளாக வைத்துப் பார்த்தார்கள். முதலில் பிடித்த மாதிரி இருந்து பின்பு கரைந்தது. அதே சகோதரரின் தோலை இரண்டாம் முறை வைத்தபோது இன்னும் வேகமாகக் கரைந்தது. உடம்பு ஒருமுறை பார்த்த அந்நியனை நினைவில் வைத்துக்கொள்கிறது என்பது அப்படித்தான் பிடிபட்டது. தாமஸ் கிப்சன் என்ற சர்ஜனும் பீட்டர் மெடவார் என்ற உயிரியல் விஞ்ஞானியும் அதை 1943-ல் எழுதினார்கள். அந்தத் தடத்தில் தொடர்ந்த ஆய்வுகளுக்காக மெடவாருக்கு 1960-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. உடம்பில் பாதிக்கு மேல் வெந்துபோனவர்களுக்கு, தோல் வங்கியிலிருந்து இறந்தவர்களின் தோலை வைப்பார்கள். அது உயிரைப் பிடித்துவைக்க ஒரு தற்காலிகப் போர்வை. பின்னர் அவர்களுடைய சொந்தத் தோலைத்தான் ஒட்ட வேண்டும்.

இப்போது அந்த ஐந்து நாள் கதைக்கு வருகிறேன். தொடையிலிருந்து எடுத்த தோலுக்கு அந்த நொடியிலிருந்து ரத்த ஓட்டம் கிடையாது. புண்ணின் மேல் விரித்ததும், அடியில் கசியும் நீரை உறிஞ்சித்தான் முதல் ஒன்றிரண்டு நாள் உயிரோடு இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் புண்ணில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களின் வாயும் ஒட்டுத்தோலில் உள்ள குழாய்களின் வாயும் ஒன்றையொன்று தேடிச் சேரத் தொடங்கும். ஐந்து நாள் வாக்கில் ரத்தம் ஓடும். எங்கள் பேச்சில் இதைத்தான் 'ஒட்டு பிடித்துவிட்டது' என்போம். நாற்று நட்டு வேர் பிடிக்கும்வரை அதை ஆட்டக் கூடாது இல்லையா, அதே கதைதான். இந்த நாள்களில் தோலுக்கும் புண்ணுக்கும் நடுவில் ரத்தமோ நீரோ தேங்கினால் உறிஞ்சும் வழி அடைபடும். தோல் ஒரு மில்லிமீட்டர் வழுக்கினாலும் அப்போதுதான் சேர்ந்த குழாய்கள் அறுந்துபோகும். கிருமி புகுந்தால் ஒட்டும் பசையையே அது கரைத்துவிடும். ஒட்டு தோற்றுப்போகும் கதைகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அதற்கு முன்னால், ஆபரேஷனுக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் சில. ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். "ஆபரேஷன் என்றால் ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இதயத்துக்காகச் சாப்பிடுகிறவர், அதிலும் ஸ்டென்ட் வைத்தவர், தானாக நிறுத்தினால் புண்ணைவிடப் பெரிய ஆபத்து வரலாம். இப்படியொரு ஆபரேஷனை ஆஸ்பிரினை நிறுத்தாமலே செய்வது வழக்கம்தான். சர்ஜனும் இதய மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். எல்லா மாத்திரைகளையும், மூலிகை மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். சர்க்கரை மாத்திரையை ஆபரேஷன் அன்று காலை சாப்பிட வேண்டுமா, தவிர்க்க வேண்டுமா என்பதையும் கேட்டு அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு, சர்க்கரை இறங்கி, தியேட்டர் வாசலில் மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

இன்னொன்று, பாதத்தில் நாடித்துடிப்பு. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் அடைபட்டிருக்கலாம். அப்படியென்றால் எவ்வளவு அழகாக ஒட்டினாலும் பிடிக்காது. உங்கள் சர்ஜன் அம்மாவின் புறங்கால் மேல் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பார்க்கவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். புண்ணிலிருந்து பஞ்சு வைத்துத் துடைத்துக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்புவதும் நல்லது. பார்க்கச் செக்கச்செவேல் என்று சுத்தமாக இருக்கும் புண்ணில்கூடச் சில வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஒளிந்திருக்கும். அது இருந்தால் ஒட்டை முழுசாகத் தின்றுவிடும். முதலில் மருந்து கொடுத்து அதை விரட்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

புகையிலை எந்த வடிவில் இருந்தாலும் விட வேண்டும், முடிந்தால் நான்கு வாரம் முன்னதாகவே. நிக்கோடின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நாம் நம்பியிருப்பதோ அதே குழாய்களை. உங்கள் அம்மாவுக்கு இது பொருந்தாது என்று நினைக்கிறேன், ஆனால் இதைப் படிக்கும் பலருக்குப் பொருந்தும். சாப்பாட்டில் எதையும் ஒதுக்க வேண்டாம், புரதம் குறையக் கூடாது.

மயக்கம் பற்றிக் கேட்டீர்கள். இந்த அளவுக்கு முழு மயக்கம் கட்டாயமில்லை. தொடையின் வெளிப்பக்கத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில் ஓடுகிறது. அங்கே ஓர் ஊசி போட்டால் தோல் எடுக்கும் அந்த வெளிப்பக்கம் மரத்துவிடும். புண்ணைச் சுற்றித் தனியாக மரத்துப்போக ஊசி. அல்லது முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வார்கள். அம்மா விழித்திருப்பார், பேசலாம், பாட்டுக்கூடக் கேட்கலாம். மிகவும் பயப்படுகிறவர் என்றால் கொஞ்சம் தூக்கம் வரவழைக்கும் மருந்து சேர்த்துக் கொடுப்பார்கள். அதை முன்கூட்டியே மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். தொடையில் வழவழப்புக்கு எண்ணெய் போன்ற திரவம் தடவி, ஒருவர் தோலை இழுத்துப் பிடிக்க, டெர்மடோம் என்ற கருவியால் சீவுவோம். மரம் இழைக்கும் இழைப்புளியைச் சின்னதாகச் செய்து மோட்டார் வைத்த மாதிரி இருக்கும். தடிமனை அதிலேயே திருகி வைத்துக்கொள்ளலாம். வருகிற தோல் பின்னால் இருப்பது தெரிகிற அளவுக்கு மெல்லியது. வெட்டியதும் ஓரம் உள்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். பளபளப்பான பக்கம் எதுவோ அதுதான் புண்ணைத் தொட வேண்டும். புண்ணைச் சுரண்டிப் புதுசாக்கி, ரத்தக் கசிவை நிறுத்தி, தோலை விரித்து, கத்தி நுனியால் அங்கங்கே கீறல் போடுவோம். அடியில் சேரும் நீர் வெளியேற அதுதான் வழி. ஓரங்களில் தையலோ சின்ன உலோகப் பின்னோ போட்டு, மேலே மெழுகு போன்ற வலைத்துணி, ஈரப் பஞ்சு, அழுத்தமான கட்டு. மீந்த தோல் இருந்தால் எறிவதில்லை. உப்பு நீரில் நனைத்த துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்தால் இரண்டு வாரம்வரை உயிரோடு இருக்கும். ஓர் ஓரம் பிடிக்காமல் போனால், வார்டிலேயே, மறுபடி சீவாமல், அதை எடுத்து வைத்துவிடலாம்.

எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்? இதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த வழக்கம் இல்லை. நான் பயிற்சியில் இருந்தபோது காலில் ஒட்டு வைத்தால் ஐந்து நாள் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது. இன்றைக்கும் அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இப்போது பலர், பாதத்திலிருந்து முழங்கால்வரை அழுத்தமாக எலாஸ்டிக் கட்டுப் போட்டு, மறுநாளே கொஞ்சம் நடக்க விடுகிறோம். நடந்தவர்களின் ஒட்டு படுத்திருந்தவர்களுடையதைவிட மோசமாகப் போகவில்லை என்பது தெரிந்துவிட்டது. அதோடு வயதானவர்களை ஐந்து நாள் மரக்கட்டையாகப் படுக்கவைத்தால் கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. நான் நடக்க விடுகிற கட்சி. ஆனால் அம்மாவின் சர்ஜன் படுக்கச் சொன்னால் படுக்கத்தான் வேண்டும். என் பேச்சைக் காட்டி அவரோடு வாதாட வேண்டாம். கணுக்காலை ஒட்டி ஒட்டு வைத்திருந்தாலோ, கட்டை இறுக்க முடியாத கால் என்றாலோ அவருக்குக் காரணம் இருக்கும்.

எந்தக் கட்சியானாலும் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்று: காலைத் தொங்கப்போட்டு உட்காரக் கூடாது. நடப்பதைவிட இது கெடுதல். கால் தொங்கும்போது ரத்தம் கீழே தேங்கும், அந்த அழுத்தம் ஒட்டுக்கு அடியில் நீராகக் கசியும். கழிவறைக்குப் போய்வந்தால் உடனே கட்டிலில் ஏறி, இரண்டு தலையணை மேல் காலை வைத்து, பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி படுக்க வேண்டும். உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் விருந்தாளிகள்தான் இதில் பெரிய எதிரி. அவர்கள் முன்னால் கால் நீட்டிப் படுத்திருக்கக் கூச்சப்பட்டு அம்மா எழுந்து உட்காருவார். அந்த ஐந்து நாள் வருகிறவர்களை நீங்களே வாசலில் பார்த்து அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், கட்டை எட்டிப்பார்க்கும் ஆசை. எனக்கு ஒரு நோயாளி இருந்தார், படித்தவர், எல்லாவற்றையும் குறித்துக்கொள்பவர். மூன்றாம் நாள் லேசாக வாடை வருகிறதே என்று ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்திருக்கிறார். துணியோடு ஒட்டிக்கொண்டு தோலும் எழும்பியது. பயந்துபோய் மறுபடி அழுத்தி வைத்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் பார்த்தபோது அந்த ஓரம் கறுத்திருந்தது. சந்தேகம் வந்தால் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள், கட்டைத் தொடாதீர்கள்.

ஐந்தாம் நாள் கட்டுப் பிரிக்கும்போது நீங்களும் உடன் இருங்கள். மேல்கட்டை வெட்டி எடுத்துவிட்டு, கடைசி அடுக்கை உப்பு நீரால் ஊறவைத்து, ஓர் ஓரத்திலிருந்து நூல் நூலாக உரிப்பார்கள். இன்னொரு கை சின்ன இடுக்கியால் தோலைக் கீழே அமுக்கிக்கொண்டே வரும். பிடித்த தோல் இளஞ்சிவப்பாக, புண்ணோடு படிந்து இருக்கும். விரலால் லேசாக அழுத்தி எடுத்தால் வெளுத்து, உடனே நிறம் திரும்பும். அதைப் பார்த்ததும் அந்த அறையில் எல்லோருடைய முகமும் மாறும், எத்தனை வருடம் ஆனாலும் எனக்கு அலுக்காத நொடி அது. ஊதா நிறத்தில் உப்பலாக ஒரு திட்டு தெரிந்தால் அடியில் ரத்தம் தேங்கியிருக்கிறது. சின்னதாகக் கீறி வெளியேற்றிப் பார்ப்போம். கறுத்தோ, வழவழவென்று மஞ்சளாகவோ போன இடம் போனதுதான்.

"எண்பது சதவீதம் பிடித்திருக்கிறது" என்று சர்ஜன் சொன்னால் மனசு உடைந்துவிடாதீர்கள். அது நல்ல செய்தி. பிடித்த தோலின் ஓரங்களிலிருந்து புதுத்தோல் பரவி மிச்சத்தை மூடிவிடும். 1869-ல் ஜாக் ரெவெர்டின் என்ற இளம் மருத்துவர் பாரிஸில் செய்து காட்டியதே அதுதான். ஆறாத புண்ணின் நடுவில் துளித்துளியாகத் தோலை வைத்தார், ஒவ்வொரு துளியும் தீவு மாதிரி விரிந்து பக்கத்துத் தீவைத் தொட்டது. இன்றைய ஒட்டு ஆபரேஷன்களின் தொடக்கம் அங்கிருந்துதான்.

இனி தொடை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், புறங்கையில் புண் இருந்த ஒருவருக்கு இதே ஆபரேஷன் செய்தேன். கை வலிக்காது என்று சொல்லியிருந்தேன், தொடையைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில், "டாக்டர், எனக்கு எங்கேதான் ஆபரேஷன் பண்ணீங்க?" என்று கேட்டார். கை சும்மா இருக்கிறது, தொடை தீயாக எரிகிறது. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. தோலின் மேல்பகுதியைச் சீவும்போது நரம்பு நுனிகள் திறந்துகிடக்கும், சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி சிராய்த்த எரிச்சல், ஆனால் பெரிய பரப்பில். ஒட்டு வைத்த இடத்தைவிடத் தோல் எடுத்த இடம்தான் வலிக்கும். அம்மாவிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். முதல் மூன்று நான்கு நாள், வலி வந்த பிறகு மாத்திரை தேடாமல், மருத்துவர் சொன்ன பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுங்கள். தொடையில் போட்ட கட்டு வழியாக ரத்தக்கறை ஊறி வெளியே தெரிவதும், சில நாளில் பழுப்பாகக் காய்ந்து மொரமொரப்பாவதும், கொஞ்சம் வாடை வருவதும் இயல்பு. அடி அடுக்கு தோலோடு ஒட்டிக்கிடக்கும். அதைப் பிய்க்கக் கூடாது. அடியில் தோல் வளர வளர ஓரம் தானாக எழும்பும், எழும்பிய ஓரத்தை மட்டும் கத்தரித்துக்கொண்டே வந்தால் போதும். பன்னிரண்டு, பதினான்கு நாளில் முழுசாக விழுந்துவிடும்.

காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, நாற்றம், கட்டைத் தாண்டிப் பரவும் சிவப்பு, கட்டு நனைந்து சொட்டும் ரத்தம், கால்விரல்கள் நீலமாகவோ ஜில்லென்றோ மரத்தோ போவது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது — இதில் எது வந்தாலும் ஐந்தாம் நாள்வரை காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள். மூச்சு வாங்கினால் போன்கூட வேண்டாம், நேராக அவசரப் பிரிவு.

ஒட்டு பிடித்த பிறகு வரும் மாதங்கள் சுலபம், ஆனால் அசட்டையாக இருக்க முடியாது. மெல்லிய ஒட்டுத்தோலில் வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் வேலை செய்யாது, வறண்டு வெடிக்கும். முழுசாக மூடிய பிறகு, வாசனை சேர்க்காத கிரீமையோ வாஸ்லினையோ நாளுக்கு இரண்டு மூன்று முறை தடவ வேண்டும், காலுக்கும் தொடைக்கும் சேர்த்து. முதல் வாரங்களில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரும். தோலும் அடிப்பகுதியும் இன்னும் கெட்டியாகப் பிணையாததால் வருபவை அவை. பயப்பட வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். நமைச்சல் நிறைய இருக்கும். சொறியாமல் உள்ளங்கையால் தட்டினால் அடங்கும், அடங்காவிட்டால் மாத்திரை உண்டு. காலைக் கீழே வைத்ததும் ஒட்டு கருநீலமாக மாறினால் அலறாதீர்கள், தூக்கி வைத்தால் சரியாகிவிடும். எலாஸ்டிக் கட்டையோ காலுறையையோ சில மாதம் போடச் சொல்வார்கள். உணர்ச்சி மெதுவாக, அரைகுறையாகத்தான் திரும்பும். அதனால் வெந்நீர் ஒத்தடத்தை அந்த இடத்தில் வைக்கவே கூடாது. சுடுவது தெரியாமலே வெந்துபோகும்.

அம்மாவின் கேள்வியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான். அந்த இடம் சுற்றியுள்ள தோல் மாதிரி ஆகாது. கொஞ்சம் பள்ளமாக, ஓரம் தெரியும்படி, நிறத்தில் தூக்கலாகவோ மங்கலாகவோ இருக்கும். முதல் மூன்று மாதம்தான் பார்க்க மோசம். அதைப் பார்த்து முடிவுகட்ட வேண்டாம், ஒரு வருடம்வரை நிறமும் மென்மையும் மாறிக்கொண்டே இருக்கும். வெயில் பட்டால் கறுத்து அப்படியே நின்றுவிடக்கூடும். புடவையோ பேண்ட்டோ மறைக்கும் இடம் என்பதால் பாதிக் கவலை இல்லை. வெளியே தெரிந்தால் சன்ஸ்கிரீன் தடவ வேண்டும்.

அவர் கையில் இருக்கும் முடிவுகளும் இரண்டு உண்டு. தோலை வலைபோல விரிக்கும் மெஷினில் கொடுத்தால் பெரிய புண்ணைச் சின்னத் தோலால் மூடலாம், ஆனால் அந்த வலைக்கண் வடிவம் காலம் முழுக்கத் தெரியும். இந்த அளவுப் புண்ணுக்கு முழுத் துண்டாகவே வைக்க முடியும், "வலை போடாமல் ஒட்ட முடியுமா டாக்டர்?" என்று கேட்கட்டும். தொடையில் எடுத்த இடத்திலும் செவ்வகமாக ஒரு நிற வித்தியாசம் வருடக்கணக்கில் நிற்கலாம். முழங்காலுக்குப் பக்கத்தில் எடுக்காமல் தொடையின் மேல்பகுதியில் எடுக்கச் சொல்லலாம். முன்பு ஏதாவது காயம் தடித்துத் தழும்பானது என்றால் அதையும் அப்போதே காட்டிவிட வேண்டும். ஆபரேஷன் அன்று காலை சர்ஜன் மார்க்கர் பேனாவோடு வந்து தொடையில் கோடு போடுவார். இதையெல்லாம் அவர் கோடு போடுவதற்கு முன்னால் அம்மாவே வாய்விட்டுச் சொல்லட்டும்.